செர்பிய கிராமத்து ராக்கியாவை ஊரறியச் செய்வது எப்படி?

சிறிய உற்பத்தியாளர்களுக்கு லேபிள் வாசகம், இணையப் பக்கம், புகைப்படம் எல்லாம் செய்து தருவது என் தொழில். தேன், செக்கு எண்ணெய், காபி என்று போய்க்கொண்டிருந்த வேலையில், பெல்கிரேடில் இருக்கும் நண்பர் ஒருநாள் கூப்பிட்டார். "அப்பா பிளம்ஸ் பழத்தில் சாராயம் காய்ச்சுகிறார். முறையாகப் பதிவு செய்த வடிசாலைதான். ஆனால் எங்கள் பக்கத்து நகரமான வால்யெவோவைத் தாண்டி யாருக்கும் தெரியவில்லை. வந்து பார்க்கிறாயா?" என்றார். இரண்டு வாரம் என்று நினைத்துப் போனேன். ஒரு பழக்காலம் முழுக்க அங்கேயே இருந்துவிட்டேன்.

அங்கே கற்றதை, இந்த மாதிரி வேலையை முதல்முறை கையில் எடுப்பவர்களுக்காக எழுதுகிறேன். குடிக்கச் சொல்லும் கட்டுரை அல்ல இது. ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் பொருளைப் பொய் சேர்க்காமல் சரியான ஆட்களிடம் கொண்டுசேர்ப்பது எப்படி என்பதுதான் விஷயம். என் அனுபவத்தில் இதற்கு ஒரே வழிதான் இருக்கிறது. புட்டியை விற்கப் பார்க்காதீர்கள், வீட்டைக் காட்டுங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் அதிலிருந்து பிறந்தவைதான்.

1. பெயர்களைச் சரியாகக் கற்றுக்கொள்ளுங்கள்

பழத்தைப் புளிக்க வைத்து வடித்தெடுக்கும் சாராயம் அனைத்துக்கும் செர்பியாவில் பொதுப்பெயர் ராக்கியா. அரபு மொழியில் வியர்வையைக் குறிக்கும் 'அரக்' என்ற சொல் துருக்கி வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. வடிகுழாயில் துளித்துளியாக வியர்த்து இறங்குவதால் வந்த பெயர். இலங்கையில் தென்னஞ்சாராயத்தை அராக் என்கிறார்களே, அதுவும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

ராக்கியாவில் தலைமகன் ஷ்லிவோவிட்சா. 'ஷ்லிவா' என்றால் பிளம்ஸ். குயின்ஸ் என்று ஒரு மஞ்சள் பழம் உண்டு, ஆப்பிளுக்கும் பேரிக்காய்க்கும் நடுவே பிறந்தது போல இருக்கும். அதில் வடிப்பது துன்யெவாச்சா. ஆப்ரிகாட்டில் வடித்தால் கைசியெவாச்சா. வில்லியம்ஸ் பேரியில் வடித்தால் வில்யமோவ்கா. திராட்சையில் வடித்தால் லோசோவாச்சா. இவற்றை எல்லாம் சேர்த்து 'பிராண்டி' என்று எழுதிவிட்டால் வேலை சுலபம்தான், ஆனால் வாசகர் மனதில் திராட்சைப் பிராண்டியின் பழுப்பு நிறமும் அந்த இனிப்பு வாசனையும்தான் வந்து நிற்கும். அதனால் செர்பியப் பெயரையே முன்னால் வையுங்கள். பக்கத்திலேயே 'பிளம்ஸ் பழச்சாராயம்' என்று ஒருமுறை விளக்கினால் போதும்.

ஷ்லிவோவிட்சாவைத் தயாரிப்பதும் அதைச் சுற்றிய சமூக வழக்கங்களும் 2022இல் யுனெஸ்கோவின் மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இதை நீங்கள் தாராளமாகச் சொல்லலாம், ஆனால் சொல்லும் விதத்தில் கவனம் வேண்டும். அங்கீகாரம் கிடைத்தது அந்த மரபுக்கு. எந்த ஒரு நிறுவனத்தின் புட்டிக்கும் அல்ல. 'யுனெஸ்கோ சான்று பெற்ற ஷ்லிவோவிட்சா' என்று லேபிளில் போட்டால் அது பொய்.

2. ஒரு ஈடு காய்ச்சுவதை முழுதாகக் கூட இருந்து பாருங்கள்

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு நேரே புகைப்படம் எடுக்க ஓடாதீர்கள். எனக்குத் தெரிந்து இந்த வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது.

கொடைக்கானல் பிளம்ஸை மனதில் வைத்துக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். அங்கே மதிப்புள்ள பழைய ரகம் பொஷெகாச்சா. நீள்வட்டமாக, கருநீலமாக, மேலே வெண்சாம்பல் பூத்தது போல இருக்கும். விரலால் துடைத்தால் உள்ளே பளபளப்பு தெரியும். செப்டம்பரில் பழுக்கும். பழுத்தவுடன் பறிப்பதில்லை; காம்பை ஒட்டிய தோல் சுருங்கும்வரை மரத்திலேயே விட்டுவைக்கிறார்கள், சர்க்கரை ஏறட்டும் என்று. நண்பரின் அப்பாவை நான் 'சிக்கா' என்று கூப்பிடுவேன். நம்மூரில் வயதில் மூத்தவரை மாமா, சித்தப்பா என்பது போல அங்கே அது. அவர் மரத்தடியில் நின்று ஒரு பழத்தைக் காம்போரமாகப் பிதுக்கி என்னிடம் நீட்டினார். "சினே, இந்தச் சுருக்கத்தைப் படம் எடு. மற்றதெல்லாம் எல்லோரும் எடுப்பார்கள்" என்றார். 'சினே' என்றால் மகனே. அந்தப் படம்தான் பிறகு இணையப் பக்கத்தின் முகப்பாக வந்தது.

பொஷெகாச்சாவை ஷார்கா என்னும் வைரஸ் நோய் மிக மோசமாகத் தாக்கியது. இலையில் வட்டவட்டமாக வெளிறும், பழம் குழி விழுந்து பழுக்கும் முன்பே உதிரும். 1946இல் தொடங்கிய சாச்சாக் நகரத்துப் பழவியல் ஆய்வு நிறுவனம் புதிய ரகங்களை உருவாக்கித் தந்தது. ஸ்டான்லி என்ற அமெரிக்க ரகத்தையும் பொஷெகாச்சாவையும் கலந்து உருவாக்கிய சாச்சான்ஸ்கா ரோத்னா இன்று தோட்டம் தோட்டமாக நிற்கிறது. மேற்கு செர்பியாவிலும் நடு செர்பியாவின் ஷுமாதியா பகுதியிலும் ட்ஸெர்வெனா ராங்கா என்ற செந்நிற நாட்டு ரகமும் உண்டு. வயதானவர்கள் ராக்கியாவுக்கு அதற்கு மேல் ஒன்றில்லை என்பார்கள். உங்கள் வடிசாலைக்காரரிடம் எந்த ரகம் எத்தனை மரம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒயின் குடிப்பவர்கள் திராட்சை ரகம் கேட்பது போல, நல்ல ராக்கியா வாங்குகிறவர்கள் பிளம்ஸ் ரகம் கேட்பார்கள்.

பழத்தை நசுக்கித் தொட்டியில் போட்டால் ஊறல். நம்மூரில் இந்தச் சொல்லுக்குப் போலீஸ் வாசனை அடிக்கும். அங்கே அது அடுக்களைச் சொல். கொட்டை உடையாமல் நசுக்க வேண்டும், உடைந்தால் கசப்பு பாதாம் வாசனை ஏறும், நஞ்சுக்கூறும் கூடும். சிலர் கொட்டையைப் பெரும்பகுதி நீக்கிவிட்டுத்தான் போடுகிறார்கள். குளிர்ச்சியான இடத்தில், இரண்டு மூன்று வாரம், மூடி வைத்துப் புளிக்கவிட வேண்டும். சர்க்கரை சேர்க்கக் கூடாது. பழம் குறைந்த வருடத்தில் சர்க்கரை மூட்டையைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் ஆள் அப்படிச் செய்கிறவர் என்றால் வேலையை ஏற்காதீர்கள்.

பிறகுதான் கசான், அதாவது செப்புக் கொப்பரை. மரபாக நூறு, நூற்றிருபது லிட்டர் கொள்ளும். அடியில் விறகு. ஊறலை ஊற்றி, அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே சூடேற்றி, பிறகு குவிந்த மூடியைப் போட்டு, மூடி சேரும் இடுக்கை மாவுப் பசையால் மெழுகி அடைக்கிறார்கள். மூடியிலிருந்து ஒரு குழாய் தண்ணீர்த் தொட்டிக்குள் போகிறது. ஆவி அங்கே குளிர்ந்து மறுமுனையில் சொட்டுகிறது. முதல் வடிப்பில் கிடைப்பது கலங்கலாக, இருபதுகளில் சதவீதம் உள்ள மென்சாராயம். நாலைந்து கொப்பரை அளவுக்கு இது சேர்ந்ததும், எல்லாவற்றையும் மறுபடி கொப்பரையில் ஏற்றி வடிக்கிறார்கள். இந்த இரட்டை வடிப்புக்குப் ப்ரெபெச்செனிட்சா என்று பெயர்.

இரண்டாம் வடிப்பில்தான் கைநேர்த்தி தெரியும். முதலில் வரும் கொஞ்சம், கொப்பரையில் ஊற்றியதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு, பசை போல நெடி அடிக்கும். அது ப்ர்வெனட்ஸ், தனியே எடுத்து ஒதுக்கிவிடுவார்கள். நடுவில் வருவதுதான் 'இதயம்'. கடைசியில் வருவது பட்டோக்கா. ஈரத்துணி வாசம், நாக்கில் கசப்பு. எங்கே வெட்டுவது என்று சிக்கா கருவி வைத்தும் பார்ப்பார், உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டுத் தேய்த்து முகர்ந்தும் பார்ப்பார். என் கையை இழுத்து அதிலும் தேய்த்துவிட்டார். சாராயம் பறந்து போனபின் கையில் தங்கியது பிளம்ஸ் தோலின் மணம் மட்டும். பட்டோக்கா தொடங்கிய பிறகு மறுபடி தேய்த்தார். மணம் போய், வேகவைத்த முட்டைக்கோஸ் மாதிரி ஒரு வாடை. ரசாயனம் படிக்காமலே எனக்கு அந்த இடத்தில் பாடம் புரிந்துவிட்டது. பின்னால் விருந்தினர்கள் வந்தபோது அதையே செய்து காட்டச் சொன்னோம். எந்தக் காணொளியையும்விட அது பேசும்.

ஒரு லிட்டருக்குச் சுமார் பத்து கிலோ பழம் போகிறது. இந்தக் கணக்கை எங்காவது எழுதிவையுங்கள். விலை ஏன் இவ்வளவு என்று கேட்பவருக்கு வேறு பதில் தேவைப்படாது.

3. 'கிராடி' என்றால் சதவீதம் அல்ல

இது தனிப் படியாக வர ஒரு காரணம் உண்டு. கிராமத்தில் யாரைக் கேட்டாலும் "இது இருபது கிராடி" என்பார்கள். நான் அதை 20 சதவீதம் என்று எடுத்துக்கொண்டு, முதல் அச்சுப் பிரதியில் அப்படியே போட்டுவிட்டேன். கிராடி என்பது பழைய அளவை. ஒரு கிராடி ஏறக்குறைய இரண்டரை சதவீதம். இருபது என்றால் ஐம்பது சதவீதத்துக்குக் கிட்ட. நண்பரின் தங்கை பிழைதிருத்தும்போது பிடித்தாள். பிடிக்காமல் போயிருந்தால், இருபதுதானே என்று நம்பி யாராவது ஒரு பெரிய கிளாஸை நிரப்பியிருப்பார். லேபிளில் போகும் எண்ணை எப்போதும் ஆய்வகத் தாளைப் பார்த்து எழுதுங்கள். வாய்ச்சொல்லை நம்பி எழுதாதீர்கள்.

4. காகிதங்களைக் கேட்டுப் பாருங்கள்

செர்பியாவில் ஏறக்குறைய ஒவ்வொரு கிராமத்து வீட்டிலும் ராக்கியா உண்டு. வீட்டுக்குக் காய்ச்சுவது வேறு, விற்பது வேறு. விற்கிறவர் வேளாண் அமைச்சகத்தின் உற்பத்தியாளர் பதிவேட்டில் இருக்க வேண்டும், ஒவ்வொரு ஈட்டுக்கும் ஆய்வக அறிக்கை வேண்டும், புட்டிக் கழுத்தில் கலால் வில்லை ஒட்டியிருக்க வேண்டும். சாலையோரத்தில் பழைய தண்ணீர்ப் புட்டிகளில் விற்பதைப் பார்த்து 'அசல் கிராமியம்' என்று படம் எடுத்துப் போடத் தோன்றும். போடாதீர்கள். முறையாக வரி கட்டி, சோதனை செய்து விற்பவரின் வயிற்றில்தான் அது அடிக்கும்.

ஏற்றுமதி என்று பேச்சு வந்தால் சில எண்கள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பழச்சாராயம் என்ற பெயரில் விற்க 37.5 சதவீதமாவது சாராயம் இருக்க வேண்டும்; வாசனை சேர்க்கக் கூடாது; பிளம்ஸுக்கு மெத்தனால் வரம்பு நூறு லிட்டர் தூய சாராயத்துக்கு 1200 கிராம். பழத்தோலில் இருக்கும் பெக்டினால் மெத்தனால் கொஞ்சம் இயல்பாகவே உண்டாகும். அதனால்தான் சோதனை. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆய்வக அறிக்கையை ஈட்டு எண்ணோடு இணையப் பக்கத்தில் போட்டுவிடுங்கள். நாங்கள் போட்டோம். ஒரு வியன்னா உணவக உரிமையாளர் முதல் மின்னஞ்சலிலேயே அதைக் குறிப்பிட்டுத்தான் மாதிரி கேட்டார்.

செர்பியாவில் பதினெட்டு வயதுக்குக் கீழ் மது விற்கக் கூடாது. மது விளம்பரத்துக்குத் தனி விதிகளும் இருக்கின்றன. உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். சமூக ஊடகத்தில் கட்டண விளம்பரம் விடும்போது வயதையும் நாட்டையும் வரையறுக்க மறக்காதீர்கள். சென்னையிலோ கோவையிலோ இருந்துகொண்டு கணக்கை நடத்துகிறவர்கள் இதில் இரட்டைக் கவனமாக இருக்க வேண்டும். இந்தியாவில் மது விளம்பரத்துக்குக் கடும் தடை இருக்கிறது. நாட்டுப் பட்டியலில் ஒரு சொடுக்கு தவறினால் கணக்கே போய்விடும்.

5. லேபிளில் என்ன எழுதுவது

கடைக்காரர் அலமாரியில் 'டொமாச்சா', அதாவது 'வீட்டுத் தயாரிப்பு' என்று எழுதாத புட்டியே இல்லை. அதனால் அந்தச் சொல்லுக்கு இப்போது பலம் இல்லை. அதற்குப் பதிலாக எங்கள் லேபிளில் ஐந்தே விவரங்கள் வைத்தோம்: பழத்தின் ரகம், கிராமத்தின் பெயர், பழம் பறித்த வருடம், எத்தனை முறை வடித்தது, எந்த மரப் பீப்பாயில் எவ்வளவு காலம் இருந்தது. பெரும்பாலும் ஓக் பீப்பாய்தான். முசுக்கட்டை மரப் பீப்பாயும் உண்டு, அது சாராயத்துக்கு வேகமாக மஞ்சள் நிறம் ஏற்றும். பீப்பாய்க்கே போகாத வெண்ணிற ஷ்லிவோவிட்சாவைக் குறைந்தது என்று காட்டாதீர்கள். பழத்தின் நேரடி மணம் அதில்தான் அதிகம். குயின்ஸையும் பேரியையும் அநேகமாகப் பீப்பாயில் வைப்பதே இல்லை, மணம் போய்விடும் என்று.

வருடக் கணக்கில் உண்மையாக இருங்கள். பன்னிரண்டு வருடத்துப் பீப்பாயில் பாதி காலியானதும் புதியதை ஊற்றி நிரப்பினால், அது பன்னிரண்டு வருடத்துச் சாராயம் அல்ல. இந்த விஷயத்தில் சிக்காவோடு எனக்கு ஒரு நாள் முழுக்க வாதம். கடைசியில் அவரே ஒத்துக்கொண்டு, கலப்புக்குத் தனிப் பெயர் வைத்தார்.

எழுத்து விஷயத்தில் ஒரு யோசனை. செர்பிய மொழிக்குச் சிரில்லிக், லத்தீன் என்று இரண்டு எழுத்தும் உண்டு, மக்கள் இரண்டையும் சரளமாகப் படிப்பார்கள். புட்டியின் முகத்தில் சிரில்லிக், பின்னால் லத்தீன் என்று வைத்தால் உள்ளூர்க்காரருக்கும் பிடிக்கும், வெளியூர்க்காரருக்கும் புரியும். லத்தீனில் எழுதும்போது எழுத்துக்கு மேல் வரும் குறிகளை விட்டுவிடாதீர்கள். நம் பெயரில் ழகரத்தை யாராவது லகரமாக்கினால் நமக்கு எப்படி இருக்கும், அதே மாதிரிதான் அவர்களுக்கும்.

6. ஒரு வருடத்தை மாதவாரியாகப் பிரித்துப் படம் எடுங்கள்

ஒரே வாரத்தில் போய் எல்லாவற்றையும் எடுத்துவிட முடியாது. வசந்தத்தில் பிளம்ஸ் பூக்கும். மலைச்சரிவு முழுக்க வெள்ளை. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பறிப்பு. செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர்வரை கொப்பரைக் காலம். அப்போது மாலையில் அக்கம்பக்கத்தார் கொட்டகைக்கு வந்துவிடுவார்கள். அடுப்புத் தணலில் உருளைக்கிழங்கு சுடும், யாராவது பன்றி இறைச்சித் துண்டைக் கம்பியில் கோப்பார், பேச்சு நள்ளிரவு தாண்டும். குளிர்காலத்தில் சர்க்கரையை வாணலியில் கருக்கி அதில் ராக்கியாவும் தண்ணீரும் ஊற்றிச் சூடாகக் குடிப்பார்கள். அதற்கு 'ஷுமாதியா தேநீர்' என்று பெயர்.

படத்தில் மனிதர் இருக்கட்டும். முக்கியமாகக் கைகள். குழாய்முனையிலிருந்து விழும் சாராயத்தின் தடிமனைக் கவனியுங்கள். நிதானமாகக் காய்ச்சுபவரிடம் அது மெல்லிய நூல் மாதிரி விழும், அவசரக்காரரிடம் கயிறு மாதிரி விழும். தெரிந்தவர் அந்த ஒரு படத்தைப் பார்த்தே காய்ச்சியவரை எடைபோட்டுவிடுவார். இன்னொன்று, சொக்கான். கழுத்து நீண்டு வயிறு உருண்ட சின்னக் கண்ணாடிக் குப்பி, ஒரு ஆளுக்கு ஒன்று என்று பரிமாறுவது. அதைக் குலுக்கினால் மேற்பரப்பின் விளிம்பில் குமிழ்கள் மணிமாலை போலக் கோத்து நிற்கும். அந்தக் குமிழ் நிற்கும் நேரத்தை வைத்துப் பெரியவர்கள் வீரியத்தைச் சொல்லுவார்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தால் அழகாக வரும்.

குடித்துத் தள்ளாடும் படம், போட்டி போட்டுக் குடிக்கும் படம், வண்டியோட்டும் படம் எதுவும் வேண்டாம்.

7. சடங்குகளைக் கடைப்பொருள் ஆக்காதீர்கள்

செர்பிய வீட்டில் ராக்கியா பிறப்பிலும் இருக்கும், சாவிலும் இருக்கும். குழந்தை பிறந்தால் ஒரு பீப்பாயை ஒதுக்கிவைத்து, அந்தக் குழந்தையின் கல்யாணத்தில் திறக்கும் வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு அழைக்க வருபவர் புக்லியா என்ற தட்டையான மரக்குடுவையில் ராக்கியாவை எடுத்துவருவார். அழைக்கப்பட்டவர் ஒரு மிடறு குடித்துவிட்டு, குடுவையில் காசோ பூவோ கட்டிவிடுவார். துக்க வீட்டில் ஒரு சொட்டைத் தரையில் சிந்திவிட்டுத்தான் குடிப்பார்கள், போனவருக்காக. ஒவ்வொரு குடும்பத்துக்கும் காவல் புனிதர் ஒருவர் உண்டு. அவருடைய நாளை ஸ்லாவா என்று கொண்டாடுவார்கள். அதுவும் 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது.

இவற்றை எழுதுங்கள், ஆனால் நடித்துக் காட்டச் சொல்லாதீர்கள். ஸ்லாவா நாளில் என்னையும் மேஜையில் உட்காரவைத்தார்கள். மெழுகுவர்த்தி ஏற்றியதும் நான் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி அடுத்த நாள் தானாகவே தன் கல்யாணத்துப் புக்லியாவை அலமாரியிலிருந்து எடுத்துவந்து, "இதை எடுத்துக்கொள்" என்றார். விரல் பட்டுப் பட்டு அதன் செதுக்கல் பாதி மழுங்கியிருந்தது.

8. ஆட்களை வீட்டுக்கு வரவழையுங்கள்

தொமாச்சின் என்று ஒரு சொல் இருக்கிறது. வீட்டுக்குத் தலைவர், விருந்தினரை உபசரிப்பவர், சொன்ன சொல் தவறாதவர், இத்தனையும் அதில் அடக்கம். ஒருவரை 'நல்ல தொமாச்சின்' என்பது அங்கே பெரிய பாராட்டு. உங்கள் வடிசாலைக்கு அந்த மனிதரைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. அவரை மேடை ஏற்றாமல், அவர் முற்றத்துக்கு ஆட்களைக் கூட்டிவாருங்கள்.

பெல்கிரேடிலிருந்து மேற்கே தாரா மலைக்கும் ஸ்லாத்திபோருக்கும் போகும் பயணிகள் நிறையப் பேர் வால்யெவோ, கோஸ்யெரிச் வழியாகப் போகிறார்கள். அவர்கள் ஒன்றரை மணி நேரம் நிற்க ஒரு காரணம் கொடுத்தால் போதும். நாங்கள் வைத்த ஒழுங்கு இது. முதலில் தோட்டத்தில் நடை. பிறகு கொப்பரைக் கொட்டகை. அதன்பின் மேஜையில் முதல் மரியாதையாக ஒரு கரண்டி ஸ்லாட்கோ, அதாவது பாகில் ஊறிய முழுப்பழ இனிப்பு, கூடவே குளிர்ந்த தண்ணீர். அது முடிந்த பிறகுதான் ராக்கியா.

சுவை பார்க்கும் வரிசை முக்கியம். வெண்ணிற பிளம்ஸ் முதலில், பீப்பாயில் கிடந்தது அடுத்து, மணம் தூக்கலான குயின்ஸ் கடைசியில். குயின்ஸை முன்னால் வைத்தால் பின்னால் வருவது எதுவும் நாக்கில் ஏறாது. ஆளுக்கு 20 மில்லிக்கு மேல் வேண்டாம், மூன்று வகைக்கு மேலும் வேண்டாம். ஐஸ் போடாதீர்கள், உறைபெட்டியில் வைக்காதீர்கள். பதினாறு, பதினெட்டு டிகிரியில்தான் பழம் பேசும். கிளாஸ் அடி அகன்று வாய் குறுகியிருக்கட்டும். முதலில் முகர வேண்டும், பிறகு சின்ன மிடறு. பக்கத்தில் கைமாக் என்ற பாலாடை, உலர்த்திய இறைச்சி, சோள ரொட்டி. நம்மவர்கள் வந்தால் இறைச்சி வேண்டாம் என்பவர்களுக்கு அக்ரூட்டும் உலர்ந்த பிளம்ஸும் தயாராக இருக்கட்டும். "ஷிவெலி" என்று சொல்லிக் கிளாஸை உயர்த்தும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று விருந்தினருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வண்டி ஓட்டுபவருக்கு ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. அங்கே சட்டப்படி வரம்பு மிகக் குறைவு, மலைச்சாலை வேறு. அவருக்கென்று ஒரு சிறிய புட்டியைப் பொட்டலம் கட்டி, 'வீட்டுக்குப் போய்த் திறக்கவும்' என்று எழுதிக் கையில் கொடுத்தோம். அந்தப் புட்டிதான் அதிகம் பேசப்பட்டது. துப்பும் பாத்திரமும் மேஜையில் வையுங்கள், யாரும் வெட்கப்படாமல் பயன்படுத்தும் இடத்தில்.

9. சந்தைகளும் பதக்கங்களும்

மே மாதத்தில் நோவி சாத் நகரில் பன்னாட்டு வேளாண் கண்காட்சி நடக்கும். அங்கே ராக்கியாவைத் தரம் பார்த்துப் பதக்கம் தருகிறார்கள். ஆகஸ்ட் கடைசியை ஒட்டி ஒசெச்சினாவில் பிளம்ஸ் சந்தை. சாச்சாக்குக்குப் பக்கத்தில் குச்சா கிராமத்தில் 1961 முதல் எக்காளத் திருவிழா நடக்கிறது; கூட்டம் அள்ளும், ஆனால் அந்த இரைச்சலில் யாரும் நிதானமாகச் சுவை பார்க்க மாட்டார்கள். முதல் வருடம் எல்லாவற்றுக்கும் ஓடாதீர்கள். ஒரு தரப் போட்டி, ஒரு சந்தை, அவ்வளவு போதும். பதக்கம் கிடைத்தால் எந்த ஈட்டுக்குக் கிடைத்ததோ அந்த ஈட்டுப் புட்டியில் மட்டும் ஒட்டுங்கள்.

10. விற்கும் இடத்தில் ஒரு ஆள் வேண்டும்

பேரங்காடியில் கீழ்வரிசை அலமாரிக்குப் போவதைவிட, பெல்கிரேடில் பத்து உணவகங்களில் பரிமாறுபவருக்கு உங்கள் ராக்கியாவைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லத் தெரிந்திருப்பது மேல். நாங்கள் உள்ளங்கை அளவு அட்டை ஒன்று அச்சடித்தோம். ரகம், கிராமம், எந்த உணவோடு நன்றாக இருக்கும் என்று மூன்று வரி. மறுபுறம் காம்புச் சுருக்கத்தோடு அந்தப் பழத்தின் படம். அட்டையோடு ஒரு மாலை பரிமாறுபவர்களை மட்டும் உட்காரவைத்துச் சுவைக்கக் கொடுத்தோம். ஒரு கடையில் எங்கள் புட்டிகளை வெயில் படும் கண்ணாடி ஜன்னலில் மாதக்கணக்கில் அடுக்கி வைத்திருந்தார்கள், நிறம் வெளிறிப்போனது. அதன்பிறகு 'நிழலில் வைக்கவும்' என்பதையும் பெட்டியில் அச்சிட்டுவிட்டோம்.

வெளிநாட்டில் முதல் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் புலம்பெயர்ந்த செர்பியர்கள்தான். வியன்னாவிலும் சிகாகோவிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நீங்கள் ராக்கியா என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை, எந்த மலை, எந்த ஆற்றங்கரை என்று சொன்னால் போதும். யூதர்கள் பாஸ்கா பண்டிகையில் தானியச் சாராயம் தொட மாட்டார்கள். அதனால் பழத்தில் வடித்த ஷ்லிவோவிட்சாவுக்கு அவர்களிடையே பழைய மரியாதை உண்டு. அதற்குக் கோஷர் சான்று, அதாவது யூத உணவு விதிகளுக்கு உட்பட்டது என்ற சான்று தேவை, தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும்.

11. கணக்கு வையுங்கள், ஆனால் எளிமையாக

எத்தனை பேர் பக்கத்தைப் பார்த்தார்கள் என்பதைவிட, 'எங்களைப் பற்றி யார் சொன்னார்கள்?' என்ற ஒரு கேள்வியை ஒவ்வொரு விருந்தினரிடமும் கேட்டு நோட்டில் எழுதுங்கள். எங்கள் நோட்டில் அதிகம் வந்த பதில் விளம்பரம் அல்ல. பக்கத்து ஊர் விடுதிக்காரம்மா. அடுத்த மாதமே விளம்பரச் செலவைப் பாதியாக்கி, அந்த அம்மாவின் விடுதி அறைகளுக்குச் சின்னப் புட்டிகள் கொடுத்துவிட்டோம்.

பழம் பொய்க்கும் வருடங்களும் வரும். பூத்த நேரத்தில் உறைபனி விழுந்தால் மரத்துக்கு நாலு காய்கூட மிஞ்சாது. வெளியே பழம் வாங்கிக் காய்ச்சி அதே லேபிளை ஒட்டத் தோன்றும். அப்படிச் செய்ய வேண்டாம் என்று முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அந்த மாதிரி ஒரு வசந்தத்தில், கருகிய பூவை அப்படியே படம் எடுத்து, 'இந்த வருடம் எங்கள் தோட்டத்தில் பழம் இல்லை. பீப்பாயில் இருப்பதிலிருந்து ஆளுக்கு ஒரு புட்டி மட்டும் தருகிறோம்' என்று பழைய வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் எழுதினோம். வந்த பதில்களைச் சிக்கா மகளிடம் சொல்லி அச்செடுத்து, கொப்பரைக் கொட்டகைக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறார். தோட்டத்துக்கு வருகிறவர்களை இப்போது முதலில் அந்தக் கதவருகேதான் கூட்டிப்போகிறார்.